அம்மா முகம் பார்க்காத குஞ்சுகள்

ஒரு கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது அதன் குடல் ஏறக்குறைய காலி வீடு மாதிரி. ஒரு சில நாட்களுக்குள் அந்த வீட்டில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியேறிவிடும். குடியேறப் போவது உறுதி. யார் முதலில் வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல குடித்தனக்காரர்கள் முதலில் வந்தால் குஞ்சு பிழைக்கும், கொழுக்கும். கெட்டவர்கள் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு அவர்களைக் கிளப்புவது பெரும்பாடு.

"இது கால்நடை டாக்டர்கள் கவலைப்பட வேண்டிய சமாச்சாரம், பி.காம். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இது முழுக்க முழுக்க வரவு செலவுக் கணக்கு. ஒரு செலவை மிச்சம் பிடித்தவர் ஒருவர், அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் பட்டியலில் கோழி சாப்பிடாதவர்கள்கூட இருக்கிறார்கள் என்பதுதான் இதில் கொடுமை!

தாய் கொடுக்கும் ஓப்பனிங் ஸ்டாக்

முதலில் நாட்டுக்கோழியைப் பார்ப்போம். தூத்துக்குடியைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்து வீட்டிலும் இது நடப்பதுதான். கோழியை அடை வைக்கிறார்கள். 21 நாள் அது முட்டை மேல் உட்காருகிறது. குஞ்சு பொரித்ததும் தாயின் இறக்கைக்குள்தான் முதல் நாள் முழுவதும். பிறகு தாய் கூடவே இறங்கி, அது கிளறிய மண்ணைக் கொத்தி, அது காட்டிய தானியத்தைப் பொறுக்கி, அதன் எச்சம் பட்ட இடத்தையும் சேர்த்துக் கொத்துகிறது. ராத்திரி எல்லாம் ஒரே பஞ்சாரத்துக்குள்.

பார்க்கிறவர்களுக்கு இது அசுத்தம். ஆனால் அந்த எச்சத்தில்தான் தாயின் குடலில் வருஷக்கணக்காகக் குடியிருந்து பழகிய பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது. குஞ்சு அதைக் கொத்தி விழுங்கும்போது ஒரு தலைமுறைச் சொத்து பத்திரப்பதிவு எதுவும் இல்லாமல் கைமாறுகிறது. கணக்கியல் பாஷையில் சொன்னால், குஞ்சுக்கு ஓப்பனிங் ஸ்டாக் தாயிடமிருந்து வருகிறது.

இப்போது பிராய்லர் குஞ்சைப் பாருங்கள். தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, கிருமிநாசினிப் புகை போட்டு, ஹேச்சரிக்குக் கொண்டு போகிறார்கள். இயந்திரத்தில் 18 நாள், பிறகு பொரிக்கும் பெட்டியில் 3 நாள். பொரித்த குஞ்சுகளை எண்ணி அட்டைப் பெட்டிகளில் அடைத்து வேனில் ஏற்றிப் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாள் வரை தாங்கும் என்பதால் குஞ்சு வழியில் பட்டினியால் சாகாது. அந்தப் பயணத்தில் எங்கேயும் ஒரு பெரிய கோழியை அது பார்ப்பதே இல்லை. அம்மா முகம் தெரியாது, அம்மாவின் பாக்டீரியாவும் தெரியாது.

ஹேச்சரிக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சுத்தத்துக்கு நியாயமான காரணம் உண்டு. தாயிடமிருந்து நல்லது மட்டும் வருவதில்லை. வெள்ளைக்கழிச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா வகைகளும் அப்படித்தான் தலைமுறை தாண்டிப் பரவின. அந்தச் சங்கிலியை அறுக்கத்தான் சுத்தம் வந்தது. கெட்டதைத் துடைத்தபோது நல்லதும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். துடைத்த இடத்தில் திரும்ப எதை வைப்பது என்று யோசிக்கத் தவறியதுதான் பிரச்சினை.

காலி வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

இயற்கைக்குக் காலி இடம் பிடிக்காது. தாய் இல்லாவிட்டால் என்ன, குஞ்சுப் பெட்டியிலிருந்தும், தரையில் பரப்பிய உமியிலிருந்தும், தண்ணீரிலிருந்தும், தீவனத்திலிருந்தும் ஏதோ ஒன்று வந்து சேரும். முதல் சில நாட்களில் ஈ.கோலை போன்ற வேகமாகப் பெருகும் ரகங்கள்தான் ஆதிக்கம் செலுத்தும். முதிர்ந்த கோழியின் குடலில் இருக்கும் நிதானமான கூட்டம் அமைய வாரக்கணக்கில் ஆகும். பிராய்லர் கோழியின் மொத்த ஆயுளே ஐந்தாறு வாரம்தான்! குடும்பம் செட்டிலாவதற்குள் கடைக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் தூத்துக்குடிக்கு ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. வலையில் சேர்ந்து வரும், சாப்பாட்டுக்கு விலை போகாத பொடிமீன்களும் கழிவு மீன்களும் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. கோழிக்குப் புரதம் வேண்டும், மீனவருக்கு நாலு காசு வேண்டும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணலில் காயும் மீன் மேல் காக்கையும் நாயும் நடந்தால், அந்த மீனோடு சால்மோனெல்லாவும் தீவனமாகப் போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பெரு நாட்டிலிருந்து போன மீன்தூள் வழியாக 'சால்மோனெல்லா அகோனா' என்ற ரகம் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் என்று நான்கு நாடுகளில் கோழிகளுக்குள் புகுந்து, அங்கிருந்து மனிதர்களுக்கும் வந்தது. ஒரு கடற்கரையில் சரியாக உலர்த்தாத மீன், கண்டம் தாண்டி யாரோ ஒருவருக்கு வயிற்றுப்போக்காக முடிந்திருக்கிறது. தூத்துக்குடி மீனை சிமென்ட் தளத்திலோ உலர்த்தும் தட்டிலோ காயப்போடச் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

குடலுக்குள் என்ன வேலை நடக்கிறது?

கோழிக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு நீளமான பைகள் உண்டு. குருட்டுக்குடல் என்பார்கள், ஒரு பக்கம்தான் திறப்பு. பாக்டீரியாக்களின் தலைநகரம் அதுதான். வளர்ந்த கோழியில் அங்கே இருக்கும் சரக்கு ஒரு கிராமில் பத்தாயிரம் கோடி பாக்டீரியா வரை இருக்கும்.

இத்தனை கோடிப் பேரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. கோழியால் செரிக்க முடியாத நார்ப்பொருளை இவை நொதிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் பியூட்டிரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்கு நேரடி உணவு. அதே அமிலச் சூழல் சால்மோனெல்லாவுக்கு ஆகாது. ஒட்டிக்கொள்ள இடமும் தின்னச் சாப்பாடும் ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டதால் புதிதாக வரும் கெட்ட கிருமிக்கு ஹவுஸ்ஃபுல் போர்டுதான்.

இன்னொரு வேலை அதைவிட முக்கியம். நோயை எதிர்க்க உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது.

இதில் ஒரு சுவாரசியமான கதை உண்டு. கோழியின் கழிவுத் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பை இருக்கிறது. இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபாப்ரீசியஸ் பெயரால் அதை 'ஃபாப்ரீசியஸ் பை' என்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கும் மேல் அது எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்தப் பையை வெட்டி எடுத்த கோழிகளை வைத்திருந்தார். சக மாணவரான சாங் என்பவர், கோழி எப்படி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்று வகுப்பில் செய்து காட்டுவதற்காக அவரிடமிருந்து சில கோழிகளைக் கடன் வாங்கினார். டெமோ சொதப்பிவிட்டது! பை இல்லாத கோழிகள் எதிர்ப்பொருளையே உண்டாக்கவில்லை. அந்தச் சொதப்பலில்தான் உண்மை வெளியே வந்தது. பெரிய அறிவியல் இதழ் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை, 1956இல் கோழி வளர்ப்பு பற்றிய ஒரு துறை இதழில் வெளியானது. இன்று மருத்துவப் புத்தகங்களில் வரும் 'பி செல்' என்ற பெயரில் உள்ள 'பி' அந்தப் பையின் முதல் எழுத்துதான்.

அந்தப் பை குடலோடு திறந்த தொடர்பில் இருக்கிறது. குடலில் என்ன இருக்கிறதோ அதன் மாதிரி அங்கே போய்ச் சேரும். எது வீட்டுக்காரன், எது திருடன் என்று இளம் வயதிலேயே உடம்பு பழகிக்கொள்வது இப்படித்தான். முதல் வாரத்தில் தப்பான ஆட்களைப் பார்த்துப் பழகினால் பாடமும் தப்பாகத்தானே இருக்கும்?

பின்லாந்தில் கண்டுபிடித்த விடை

இத்தனைக்கும் விடை எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1971இல் பின்லாந்து பண்ணைகளில் சால்மோனெல்லா பெரிய அளவில் பரவியது. எஸ்கோ நூர்மி, ரன்டாலா என்ற இருவர் ஒரு எளிமையான வேலை செய்தார்கள். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருந்த பாக்டீரியாக் கூட்டத்தை எடுத்து, ஓரிரு நாள் குஞ்சுகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார்கள். பிறகு சால்மோனெல்லாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத குஞ்சுகளைத் தொற்று பிடித்துக்கொண்டது. கொடுத்த குஞ்சுகளில் பெரும்பாலானவை தப்பித்தன. 1973இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

யோசித்துப் பார்த்தால், பஞ்சாரத்துக்குள் காலங்காலமாக நடந்ததை அவர்கள் சோதனைக்கூடத்தில் செய்து காட்டினார்கள். கிராமத்துக் கோழி இதற்குக் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்லாந்தில் இதுவே விற்பனைப் பொருளாக வந்தது. அமெரிக்காவிலும் 1998இல் 29 வகைப் பாக்டீரியாக்கள் சேர்ந்த ஒரு கலவைக்கு அரசு அனுமதி கொடுத்தது. குஞ்சுகள் மேல் ஸ்பிரே அடித்துவிட்டால் போதும். இறகைக் கோதும்போது அதுவாகவே உள்ளே போய்விடும்.

உலகம் தேர்ந்தெடுத்த சுலபமான வழி

விடை தெரிந்தும் பெரும்பாலான நாடுகள் வேறு வழியில் போனதற்குக் காரணம், அதற்கு முன்பே ஒரு மலிவான வழி கையில் இருந்தது. 1950இல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தைச் சேர்ந்த ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் இருவரும் ஒரு செய்தியை அறிவித்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரித்த பின் மிஞ்சும் சக்கையைத் தின்ற குஞ்சுகள் சீக்கிரம் எடை போடுகின்றன என்று. அந்த ஆரியோமைசின் உருவான ஆய்வுக்கூடத்துக்கு 1948இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மனித உயிர்களைக் காப்பாற்றுவதற்காகத் தேடிய மருந்து அது. கோழி எடைக்காகப் போகும் என்று யாரும் திட்டமிடவில்லை.

சின்ன அளவில் தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடலில் பாக்டீரியா கொஞ்சம் அடங்குகிறது, குடல் அழற்சி குறைகிறது, அதே தீவனத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை கிடைக்கிறது. கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான். அதில் சில சதவீதம் மிச்சமானால் விடுவார்களா?

ஆனால் இதைக் கவனியுங்கள். தாயில்லாத குஞ்சின் குடலில் நல்ல பாக்டீரியா இல்லை என்பது குறை. அந்தக் குறைக்கு மருந்தாக வந்ததோ பாக்டீரியாவைக் கொல்லும் பொருள். பண்ணைக்கு வந்து இறங்கிய முதல் நாளிலிருந்தே "எதற்கும் இருக்கட்டும்" என்று தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. குடியேற வந்த நாலு நல்லவர்களையும் வாசலிலேயே அடித்துத் துரத்துகிற மாதிரி. அதற்குப் பிறகும் பிழைத்து நிற்பவை மருந்துக்கு அசையாத ரகங்கள்.

அசையாத ரகங்கள் பண்ணையோடு நிற்பதில்லை. கோலிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கொடுப்பது அது. அதே மருந்து கோழித்தீவனத்திலும் போய்க்கொண்டிருந்தது. கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பதைச் சீனாவில் கண்டுபிடித்து 2015 நவம்பரில் அறிவித்தார்கள். இந்தியாவில் 2019 ஜூலை 19ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. அதற்கு 5 வருஷம் முன்பே, 2014இல், டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாகச் சொல்லியிருந்தது.

பொருளியல் பாடத்தில் புறவிளைவு என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மிச்சம் பிடித்த பைசா ஒருவரின் லாபக் கணக்கில் ஏறுகிறது. செலவு ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரின் பில்லில் ஏறுகிறது. அவர் சுத்த சைவமாகவும் இருக்கலாம்.

இறால் கற்றுக்கொண்ட பாடம்

"வியாபாரிகள் மாறவே மாட்டார்கள்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் தூத்துக்குடியின் இறால் தொழிலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இறால் குஞ்சின் கதையும் கோழிக்குஞ்சின் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹேச்சரியில் பொரித்து, நெருக்கமாகக் குளத்தில் விட்டு, நோய் வந்தால் மருந்து என்றுதான் இதுவும் ஒரு காலத்தில் ஓடியது. 2000களின் தொடக்கத்தில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பா இந்திய இறாலைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. எந்தெந்த ஆன்டிபயாடிக் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். ஏற்றுமதிக்குப் போகும் இறாலை அறுவடைக்கு முன்பே சோதிக்கும் முறை வந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் வளர்ப்பு மீன், இறால் சரக்கில் பத்தில் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்ததை இரண்டில் ஒன்று என்று கூட்டியது.

விளைவு என்ன? இன்று இறால் குளம் வைத்திருப்பவரிடம் போய்ப் பேசினால் 'ப்ரோபயாடிக்' என்ற வார்த்தை சர்வசாதாரணமாக வந்து விழும். தண்ணீரில் நல்ல பாக்டீரியாவை வளர்த்துக் கெட்டதை ஒதுக்குவது என்ற நூர்மியின் யோசனைதான் அங்கே வேறு உருவத்தில் நடக்கிறது. திடீரென்று எல்லோருக்கும் ஞானம் வந்துவிடவில்லை. ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள். வாங்குகிறவன் சோதிக்கிறான், அதனால் விற்கிறவன் மாறினான்.

இப்போது அதே ஊரின் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கடைக்கு வாருங்கள். கறியில் ஆன்டிபயாடிக் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் வரம்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கப்பலேறும் இறாலுக்கு இருப்பதுபோல் அறுவடைக்கு முன் சோதனை கடைக்கு வரும் கோழிக்குக் கிடையாது. துறைமுகத்தின் வழியாக வெளியே போவதற்கு ஒரு நியாயம், நம் குழம்புச் சட்டிக்கு வருவதற்கு ஒரு நியாயம். ஐரோப்பாக்காரன் வயிறு மட்டும்தான் வயிறா?

யார் செலவு செய்ய வேண்டும்?

முக்கியமான கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறையில் நடக்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட், உமி, கரண்ட், உழைப்பு எல்லாம் விவசாயியுடையது. கடைசியில் எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி. எத்தனை செத்தது, எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ கறி என்று பார்த்துக் கூலி ஏறும், இறங்கும்.

குஞ்சின் குடலில் முதலில் எந்தப் பாக்டீரியா குடியேற வேண்டும் என்று தீர்மானிக்கக்கூடிய இடம் ஹேச்சரி. அதாவது கம்பெனி. குஞ்சு சரியாகத் தேறவில்லை என்றால் கூலி குறைவது விவசாயிக்கு. தீர்மானம் ஒருவர் கையில், நஷ்டத்தில் பெரும்பங்கு இன்னொருவர் தலையில். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் தீர்மானிக்கிறவர் தானாகச் செலவு செய்ய மாட்டார் என்பது மேலாண்மைப் புத்தகத்தில் முதல் சில அத்தியாயங்களிலேயே வந்துவிடும்.

ஆகவே முதல் நாள் பாக்டீரியா என்பது ஹேச்சரியின் பொறுப்பு, கம்பெனியின் செலவு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தனி ஆள் போட வேண்டியதில்லை. பொரித்த அன்றே ஹேச்சரியில் தடுப்பூசி போடும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கு மாரெக்ஸ் நோய்க்கு அப்படித்தான் போடுகிறார்கள். அந்த வரிசையிலேயே இன்னொரு ஸ்பிரே. ஒன்றரை வருஷம் முட்டை போட வேண்டிய நாமக்கல் கோழிக்கு, ஆறு வாரக் கறிக்கோழியைவிட இந்த அஸ்திவாரம் இன்னும் அவசியம்.

"கடையில்தான் ப்ரோபயாடிக் பாக்கெட் கிடைக்கிறதே, வாங்கிக் கலந்தால் ஆயிற்று" என்பார்கள். இங்கே கவனம் தேவை. 2019இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் குஞ்சுகளை ஒரு வளர்ந்த கோழியோடு விட்டுப் பார்த்தார்கள். தாயின் குடல் பாக்டீரியா குஞ்சுக்கு வந்து சேர 24 மணி நேரச் சகவாசமே போதுமாக இருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், லாக்டோபேசில்லஸ் வகைகள் தாய் இல்லாமலும் குஞ்சுக்கு எப்படியோ வந்துவிடுகின்றன. வராமல் போவது பாக்டீராய்ட்ஸ் போன்ற, காற்றுப் பட்டால் தாங்காத வகைகள். கடை பாக்கெட்டுகளில் சாதாரணமாக இருப்பதோ லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ், ஈஸ்ட். அதாவது குஞ்சிடம் ஏற்கெனவே இருப்பதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, இல்லாததை இல்லாமலேயே விட்டுவிடுகிறோம்.

அப்படியென்றால் பண்ணைக்கோழியின் எச்சத்தை எடுத்துக் குஞ்சுக்குக் கொடுத்துவிடலாமா? கூடவே கூடாது. ராணிக்கெட், ரத்தக்கழிச்சல், சால்மோனெல்லா எல்லாம் சேர்ந்து வரும். சோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்த கோழியிலிருந்து பிரித்து வளர்த்த கலவையாக இருக்க வேண்டும். இதைச் செய்யத் தகுந்த இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இலிருந்து இயங்குகிறது. கோழித்தொழிலின் நடுமையமான நாமக்கல்லில் அதன் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலும் 2012இலிருந்து ஒன்று இருக்கிறது. நம் வெயிலில், நம் கம்பும் சோளமும் தின்று, நம் மண்ணைக் கிளறி வளர்ந்த நாட்டுக்கோழியின் குடல் பாக்டீரியாவைப் பிரித்து வைப்பது, விதை வங்கி வைப்பது போன்ற வேலை. கம்பெனிகளுக்கு விலைக்குக் கொடுக்கலாம். பத்து இருபது குஞ்சு வாங்கி வளர்க்கும் வீட்டுப் பெண்களுக்கு மானியத்தில் கொடுக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல பாக்டீரியா சர்வரோக நிவாரணி கிடையாது. ராணிக்கெட் வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசிதான். ரத்தக்கழிச்சலுக்குக் காரணம் வேறு ஒரு நுண்ணுயிர், அதற்குத் தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நோய் வந்த கோழிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்து ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தப்பே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். நோயே வராத குஞ்சுக்குப் பழக்க தோஷத்தில் ஊற்றுவதுதான் தப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் எடைக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்தியது. ஸ்வீடன் 1986லேயே நிறுத்திவிட்டது. அங்கெல்லாம் கோழி வளர்ப்பு அழிந்துவிடவில்லை. குஞ்சுக்குச் சரியான சூடு, உலர்ந்த தரை, சுத்தமான தண்ணீர், நெருக்கமில்லாத இடம் என்று பழைய பாடங்களுக்குத் திரும்பினார்கள். செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவு கறி விலையில் தெரியும். இத்தனை நாளும் அது ஆஸ்பத்திரி பில்லில் மறைந்திருந்தது.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. இறாலை மாற்றியது ஐரோப்பிய வாங்குபவன் கேட்ட கேள்வி. கோழியை மாற்றப்போவது உள்ளூர் வாங்குபவர் கேட்கும் கேள்விதான். ஒரு ஆள் கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். கல்லூரி விடுதிகள், ஓட்டல்கள், கேன்டீன்கள், கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் மொத்தமாக வாங்குகிறவர்கள். "எச்சச் சோதனைச் சான்று இருந்தால்தான் ஆர்டர்" என்று அவர்கள் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் சிரிக்க முடியாது. மெஸ் கமிட்டியில் இருக்கும் நண்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்டுப் பார்க்கலாம்.